குவைத்திலிருந்து வந்த கடைசிப் பொட்டி

அருணகிரி விமானத்தில் வந்துவிட்டார், பிணமாக. சாவதற்கு முன்பே அவர் கட்டி அனுப்பிய பொட்டிதான் கப்பலில் ஆடி அசைந்து வந்து, சென்னைத் துறைமுகக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டது. ஆள் முந்தி, பொட்டி பிந்தி! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அந்தக் கிடங்கு யார் வீட்டுச் சொத்தும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் சுங்கத்துக்குச் சொன்னால்தான் விடுவார்கள். கெடு தாண்டினால் ஏலம். அதற்குத்தான் அவர் பெண்டாட்டி கஸ்தூரி கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, செங்கம் ரோட்டில் இருக்கும் ரூபீனாவிடம் வந்தாள். ஆசிரமப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் வரும் சாமான்களை, ஒரு சென்னை ஏஜென்டுக்காக இங்கிருந்தே பதிந்து கொடுப்பது ரூபீனாவின் பிழைப்பு.

“உள்ள என்னக்கா இருக்குது? அங்க கப்பல்ல ஏத்திவிட்ட கார்கோ கடைக்காரன் வீட்டுச் சாமான்னு மட்டும் போட்டிருக்கான். அது பத்தாது.”

கஸ்தூரிக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. வருஷா வருஷம் பொட்டி பிரித்த கைக்குத் தெரியாதா? கோடாலித் தைலம், ஆரஞ்சுப் பொடி, பால் மாவு டப்பா, பூப்போட்ட கம்பளி. ஓரத்தில் துணிக்குள் சுருட்டி அவளுக்கென்று ஒரு சென்ட் பாட்டில். டேப்பைக் கிழித்ததும் வீடே மணக்கும். தெருவே வாசலில் வந்து நிற்கும். சண்டை போட்ட ஓரகத்திகூட அன்றைக்கு மட்டும் அக்கா, அக்கா என்று குழைவாள். அதெல்லாம் ஒரு காலம்! கடைசியாகப் பேசியபோது, இதுதான் கடைசிப் பொட்டி, பின்னாலேயே நானும் வந்துவிடுகிறேன் என்றார் மனுஷன். கஸ்தூரி ஒன்றுவிடாமல் சொல்ல, ரூபீனா பதிந்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் ரூபீனா போன் போட்டாள். அதிகாரிகள் பொட்டியைத் திறந்து பார்த்தார்களாம். பதிந்ததில் ஒன்றுகூட உள்ளே இல்லை. பொய்யாகப் பதிந்தோம் என்று ஆகிவிட்டால் பொட்டி கைக்கு வராது, உடனே விளக்கம் சொல்ல வேண்டும் என்றாள்.

கஸ்தூரி அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினாள். எவனோ திருடிவிட்டான் என்று குவைத் கடைக்காரனை பஸ் முழுக்கக் கரித்துக் கொட்டிக்கொண்டே வந்தாள். பாவம், அவனுக்கு அன்றைக்கு விக்கல் நின்றிருக்காது.

ரூபீனா படங்களைத் திரையில் போட்டாள். முதல் படத்தில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள். கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி வைத்திருந்தது. அடுத்ததில் வெளுத்துப்போன மஞ்சப்பைகள், ஒழுங்காக மடித்து. கடைசியில் ரப்பர் பேண்டு போட்ட சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“அந்தக் கறுப்பு என்னன்னுதான் ஜாஸ்தி கேக்கறாங்க” என்றாள் ரூபீனா.

கஸ்தூரி திரைக்குக் கிட்டே குனிந்தாள். தீப மை அது. கார்த்திகை தீபம் முடிந்து மலைமேலிருந்து கொப்பரை இறங்கியதும் கோயிலில் நெற்றிக்கு இட்டுக்கொள்ளக் கொடுப்பது. யார் குவைத்துக்குக் கிளம்பினாலும் அவர்கள் கையில் அதையும், பாட்டிலில் மாங்காய் ஊறுகாயையும், மஞ்சப்பையில் மல்லாட்டை என்று ஊரில் சொல்லும் வறுத்த வேர்க்கடலையையும் திணித்து அனுப்பியவள் அவள்தான். தின்று முடித்துத் தூக்கி எறிந்திருப்பார் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தாள்!

“யாரும் எதையும் எடுக்கல ரூபி. இதெல்லாம் நான் அனுப்புனது. ஒண்ணையும் வீசாம வெச்சிருந்திருக்காரு.”

ரூபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் இறந்ததற்கான தூதரகச் சான்றையும் இணைத்து, பதிவைத் திருத்தினாள்: இந்தியாவிலிருந்து போனவை, திரும்பி வந்தவை. கறுப்பு, கோயில் பிரசாதம். மறுகேள்வி வரவில்லை.

பொட்டி வீடு வந்த அன்று பழைய பழக்கத்தில் தெருவே கூடியது. கஸ்தூரி காலி பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஓரகத்திதான் முதலில் அழுதாள்.

சித்திரையில் கஸ்தூரி மாங்காய் நறுக்கி, உப்பும் காரமும் போட்டு, அந்தப் பாட்டில்களை எல்லாம் நிரப்பினாள். மூடிகளைத் துணி போட்டு இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு, குவைத்துக்கு யார் கிளம்புகிறார்கள் என்று விசாரிக்க வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.