இன்னார் மனைவி

"பேரு எதுக்கு? ஜெயினுலாப்தீன் சம்சாரம் மௌத்துனு சொல்லும். அது போதும்," என்று மோதினார் காசிமை அறிவிப்புச் செய்யப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டு, ஜெயினுலாப்தீன் வாசலில் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே மனைவியின் உடல் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தது.

"உம்மாவுக்குப் பேரு இல்லையா வாப்பா?" என்றாள் மகள் மர்யம்.

"ஏட்டி, பொம்பள பேர மைக்குல கூவுத குடும்பமா இது?"

"மாஹிம் ஆபீஸ்ல நாள் பூரா என் பேரச் சொல்லித்தான் கூப்புடுதாங்க. நம்ம கவுரவம் என்ன கொறஞ்சா போச்சு?"

அவருடைய உம்மாவின் பெயரைத் தெருவில் ஒருவரும் அறிந்ததில்லை. வீட்டுப் பெண்ணுக்கு அதைவிட மரியாதை வேறில்லை என்றே அவர் வளர்ந்திருந்தார்.

தாராவியின் தகரக் கூரைகளுக்கு மேலே ஒலிபெருக்கி முழங்கி ஓய்ந்தது. யாரும் வரவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். உடலைக் குளிப்பாட்டத் தெரிந்த பெண்களைக்கூடக் காணோம். மர்யம் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அவர் சந்து முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் காசிம்தான் மூச்சிரைக்க வந்தார்.

"மாமா, கூட்டம் பூரா டீக்கடை ஜெயினுலாப்தீன் வீட்டுக்குப் போயிட்டு! அந்தம்மா கதவத் தொறந்து, 'நான் உசுரோடல்லா இருக்கேன்'னு கத்துது. வந்தவுக ஏசிக்கிட்டுத் திரும்பிட்டாக."

"தோல் பட்டறை ஜெயினுலாப்தீன்னு சொல்லும்."

"பட்டறைய ஆம்பளைகளுக்குத்தான் தெரியும். குளிப்பாட்டுதது பொம்பளைகள்லா," என்ற மர்யம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க சொல்லுதீகளா, நானே போய் மைக்குல சொல்லட்டா?"

அவர் எழுந்தார். காசிமுக்கு முன்னால் நடந்தார்.

பள்ளிவாசலில் காசிம் மைக்கைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தார். நிக்காஹ் நாளிலிருந்து அவர் மனைவியை அந்தப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'இந்தா' என்றாலே அவள் வந்துவிடுவாள்.

"சைனப்," என்றார்.

அவர் படியிறங்கிச் சந்துக்குள் நுழைந்தபோது அறிவிப்பு தலைக்கு மேலே போயிற்று. குழாயடியில் நின்றவள் நிரம்பிய குடத்தை அப்படியே விட்டாள்.

"அடியே, நம்ம சைனபக்காடி!"

"அரே, சைனப் பாபியா?" என்று மேலிருந்து ஒரு மராத்திக்காரி தடதடவென்று ஏணியில் இறங்கினாள். கதவுகள் திறந்தன.

"வழி விடுங்க பாய்," என்றாள் முன்னால் வந்தவள், அவர் யாரென்று தெரியாமலே.

அவர் சுவரோடு ஒட்டி நின்றார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.