உள்ளே: 0

அங்கே இருந்தவர்கள்: தஹ்சீன், குளிர்கிடங்கு வாசலில் திரையை அமைத்தவள். நெல்சன், கதவைப் பார்த்துக்கொள்பவர். அப்சல், அடுத்த ஷிப்ட்டுக்கு வருபவர். செங்கொடி, இறால் பெட்டி அடுக்குபவள். அவள் எங்கே இருந்தாள் என்பதுதான் கதை.

1

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு திரை, பின்னாலிருந்த நிரல் செத்த பிறகும் ‘எல்லாம் சரி’ என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன். முதல் வரி இப்படி இருந்தது: ராயபுரத்தில் கடல்காற்று உப்பைச் சுமந்து

வேண்டாம். கடல்காற்றுக்கு இதில் வேலையில்லை.

2

உள்ளங்கையளவு கணினி. அதில் ஒரு நிரல், அட்டையைக் காட்டி உள்ளே போகிறவர்களைக் கூட்டும், வெளியே வருகிறவர்களைக் கழிக்கும். டிஸ்ப்ளே சர்வர் என்ற இன்னொரு நிரல் அந்த எண்ணைத் திரையில் வரையும். புது எண் வரும்வரை பழையதையே வைத்திருக்கும். கணினி திணறியதால் தஹ்சீன் இருப்பதிலேயே இலகுவான சர்வரைப் போட்டாள். எண்ணும் நிரலே ஓரத்தில் ஓட்டிய கடிகாரத்தையும் எடுத்துவிட்டாள். (அது இருந்திருந்தால், நின்றுபோனதை யாராவது பார்த்திருப்பார்கள்.)

கிடங்கின் வழக்கம் ஒன்றுதான்: பூஜ்யம் என்றால் பூட்டு.

3

தஹ்சீன் தன் அட்டையைக் காட்டிப் பார்த்தாள். 0. மறுபடியும் காட்டினாள். 0. பூட்டிய கதவருகே நின்ற நெல்சனிடம் திரும்பினாள்.

“நைனா, எண்ணுற ப்ரோக்ராம் ஹேங்க் ஆயி கீது. திரைல கீறது பழைய எண்ணு.”

“இன்னாமா சொல்ற? இத்தப் பாத்துதான பூட்டுனேன்.”

“செங்கொடி எங்க?”

“வூட்டுக்குப் போயிருக்கும்.”

“செருப்பு இங்கியே கீதே.”

நெல்சன் செருப்பைப் பார்த்தார். பூட்டைத் திறந்தார். “நீ உள்ள பாரு. நான் கம்பளி எடுத்தாறேன்.”

தஹ்சீன் உள்ளே ஓடினாள். திரையை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

4

முடிவு அ: பெட்டிகளுக்கு நடுவே செங்கொடி, உயிரோடு. எழுதினேன், அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: செங்கொடி, உயிர் இல்லை. அதையும் அடித்துவிட்டேன்.

(உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி? முதல் வரைவில் வேலை செய்தது. இரண்டாவதில் நானே உடைத்தேன்.)

இரண்டு முடிவிலும் அப்சலை மறந்திருந்தேன். அவர் வந்தபோது கதவு திறந்து கிடந்தது, குளிர் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. “தொறந்து போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சாரு நெல்சன் மாமு?” என்று முனகினார். அவர் சோம்பேறி இல்லை. வழக்கப்படி திரையைப் பார்த்தார்.

கம்பளியோடு நெல்சன் எவ்வளவு வேகமாக வருகிறார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: தஹ்சீனுக்குப் பின்னால் அப்சல் கதவைச் சாத்தினார், பூட்டினார்.