சேமிக்காமல் விட்ட தேடல்

கணினி அறையில் நூலகர் அனுப்பிய இணைப்பை யார் தட்டினாலும் ஒரே வாசகம்தான் வந்தது: உங்கள் அமர்வு முடிந்துவிட்டது. கடைசி வருட மாணவிகள் அத்தனை பேரும் திரும்பி நூலகரைப் பார்த்தார்கள்.

செவிலியர் கல்லூரி அது. படுக்கைப் புண் பராமரிப்பு பற்றிய ஆய்வுக்காக, மருத்துவக் கட்டுரைகள் இருக்கும் தரவுத்தளத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நூலகர்தான் அந்தத் தேடலை உருவாக்கினாள். எந்தச் சொல்லை எதோடு சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அதைத் தன் பெயரில் கணக்குத் திறந்து சேமித்திருக்க வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வரவே, மேலே தெரிந்த முகவரியை அப்படியே நகலெடுத்து வகுப்புக்கு அனுப்பிவிட்டு ஓடினாள். தற்காலிக முகவரிதான் என்றாலும் அன்றைக்கு எல்லோருக்கும் திறந்தது. மாணவிகளும் கிடைத்த கட்டுரைகளை இறக்கி, இத்தனை கிடைத்தன என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். இப்போது தேர்வுக் குழு அந்தத் தேடலை எழுத்துப் பிசகாமல் இணைக்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் அறிக்கையை வாங்க மாட்டார்களாம். இன்று சாயங்காலம்தான் கெடு.

"உங்களை நம்பித்தானே விட்டேன்," என்றார் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது நூலகருக்கு.

நினைவிலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தாள். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. ஒரு சொல்லை எடுத்தால் நூறு குறைந்தது, இன்னொன்றைப் போட்டால் ஆயிரம் ஏறியது. பின்வரிசையில் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் குருவியின் நினைவு வந்தது. ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசுவதால் வகுப்பு வைத்த பெயர். தேடலை உருவாக்கிய அன்று பக்கத்திலேயே உட்கார்ந்து, தனக்கென்று ஒரு கணக்குத் திறந்து அதைச் சேமித்துக்கொண்டவள். மறு வாரமே அப்பா பக்கவாதத்தில் விழ, பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு நாதியில்லாமல் படிப்பை விட்டுப் போய்விட்டாள். போனவளை நூலகர் ஒரு தரம்கூடக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. இப்போது எந்த முகத்தோடு கேட்பது? வராந்தாவுக்குப் போய், மனதைத் திடப்படுத்திக்கொண்டு எண்ணைத் தட்டினாள்.

நூலகர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை குருவி குறுக்கே பேசவில்லை. அதுவே புதிதாக இருந்தது.

"இருக்கு அக்கா," என்றாள் பிறகு. "புதுக் கட்டுரை வந்தா வாராவாரம் மெயில் வருது. இப்பவே அனுப்பிடறேன்."

"இன்னும் அதையெல்லாம் படிக்கிறியா?"

"தலைப்பை மட்டும்தான் படிக்க முடியுது. உள்ள போனா காலேஜ் பாஸ்வேர்டு கேக்குது. என் பேரை எடுத்துட்டாங்கல்ல. அப்பாவுக்கு முதுகுல புண் வந்திருச்சு அக்கா. தினமும் தொடச்சுக் கட்டறேன். நாலஞ்சு நாளா வாடை அடிக்குது. என்ன செய்யறதுன்னு அதுல இருக்கும்னுதான் பாக்கறேன்."



குருவி சொன்னபடி இணைப்பு வந்தது, திறந்தது, முதலில் தேடிய நாள்வரை என்று வரம்பு வைத்ததும் எண்ணிக்கையும் பொருந்தியது. அறை முழுக்கப் பெருமூச்சு. அந்தச் சந்தோஷத்தில் நிற்க நூலகரால் முடியவில்லை. பேராசிரியையின் மேசைக்குப் போய், இணைப்பு யாரிடமிருந்து வந்தது, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னாள். வாடை என்றதும் பேராசிரியை பேனாவை வைத்தார்.

"காய்ச்சல் இருக்கான்னு கேட்டீங்களா?"

"கேக்கத் தோணல மேடம்."

"வாங்க, கிளம்பலாம்."

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீடு. ஜன்னல்கள் திறந்திருந்தும் வாடை வாசலிலேயே முகத்தில் அடித்தது. பேராசிரியை கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டைப் பிரித்தார். புண் எலும்புவரை போயிருந்தது. அப்பாவின் உடம்பு அனலாகக் கொதித்தது. குருவி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"படிச்சதையெல்லாம் செஞ்சேன் மேடம். திருப்பிப் படுக்க வைக்கிறதுக்கு மட்டும் என் ஒருத்தியால முடியல."

நூலகர் வெளியே ஓடிப்போய் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கையை மீறிப் போயிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். இப்போதும் எதுவும் உறுதியில்லை என்றார். மாணவிகள் அறிக்கையைக் கொடுத்துவிட்டு, முறை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். புண் ஆற மழைக்காலம் முழுதும் பிடித்தது. குருவி அந்த வருடம் கல்லூரிக்குத் திரும்பவில்லை. மறு வருடம் சேர்த்துக்கொள்ளும்படி நூலகரும் பேராசிரியையும் முதல்வரிடம் கேட்டார்கள். பார்க்கலாம் என்று மட்டும் முதல்வர் சொல்லியிருக்கிறார்.