மாடத்தில் தீராதிருந்த எண்ணெய்

மார்கழிப் பனி கொடும்பாளூர்க் கற்றளிகளின் உச்சியினின்று மெல்ல வழிந்து, கண்மாய் நீரின்மேல் வெண்துகிலெனப் படிந்து, கரையோரக் கருவேல மரங்களையும் அப்பால் கதிர் விட்ட வயல்களையும் ஒருங்கே மூடிக்கொண்டு, கதிரவன் வரவை நோக்கிக் கிடந்த விடியற்பொழுது அது. புதுக்கோட்டைச் சீமை தன் தனியரசு நீங்கிப் பெருநாட்டோடு இணைந்து இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்பனியை ஊடறுத்துக்கொண்டு, தோளில் நீண்ட குழல் துப்பாக்கியும் கையில் கட்டுச்சோறுமாகத் தெற்கு நோக்கி நடந்தான் சேவுகன். வேட்டைக்குப் போகிறான் என்று எண்ணிவிடாதீர்கள், அன்புடையீர்! பிணங்கிப் பிறந்தகம் போன மனைவியைக் காணப் போனான்.

காட்டுப்பன்றிகள் புகுந்து வயல்களை உழுது பாழாக்காமல் காப்பது அவன் குடும்பத்தின் காவல். அக்காவலுக்குத் துணை நின்றது அந்தத் துப்பாக்கி. அதற்குத் துணை நின்றவளோ அவன் மனைவி இருளாயி. ஆமணக்கெண்ணெயை இரும்புச் சட்டியில் ஊற்றி, ஈரம் முழுதும் வற்றிச் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி, இறக்கும்போது தேன்மெழுகைச் சிறு நெல்லிக்காயளவு கரைத்து, பச்சைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சுவர்மாடத்தில் வைப்பாள். அதைப் பழந்துணியில் தொட்டு அவள் துடைத்த குழல், அடைமழையிலும் மயிலின் கழுத்தைப்போல் கருநீலம் காட்டும்.

பிணக்கு ஆயுத பூசையன்று பிறந்தது. ஏரும் மண்வெட்டியும் அரிவாளும் துப்பாக்கியும் வரிசையாக வைக்கப்பட்டுச் சந்தனம் பூசப்பெற்றால், மறுநாட் காலைவரை எவரும் அவற்றைத் தொடலாகாது என்பது அவ்வீட்டு வழக்கம். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சந்தனம் இரும்பைத் தின்னும் என்று அஞ்சிய இருளாயி, துப்பாக்கியை மட்டும் எடுத்துத் துடைத்து எண்ணெயிட்டுவிட்டாள். பங்காளிகள் கண்டு முணுமுணுத்தனர். சேவுகன், அத்தனை பேர் நடுவிலும், "இது எங்க வீட்டுச் சாமி. ஒங்க வீட்டு வழக்கத்த எல்லாம் ஒங்கப்பன் வீட்டோட வச்சுக்க!" என்று சீறினான். விடிந்தபோது அவள் இல்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் விடாது பெய்தன. சேவுகன் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துத் துப்பாக்கியில் தடவினான். அது நாளடைவில் பிசினாக இறுகிப் புழுதியைப் பற்றிக்கொள்ள, அதன் அடியில் ஈரம் ஒளிந்திருந்து குழலை அரித்தது. மார்கழியில் துப்பாக்கிகளைப் பார்வையிட வந்த அதிகாரி அதைக் கையில் வாங்கியதுமே முகஞ்சுளித்தார்.

"என்னய்யா இது, துப்பாக்கியா, குப்பையில கெடந்த கம்பியா? இதுல மருந்து கெட்டிச்சா பன்னி சாகாது, நீதான் சாவ. பத்து நாள் தவணை. துரு போய் வந்தா லைசென்ஸ், இல்லைன்னா துப்பாக்கிய இங்க ஒப்படைச்சிட்டுப் போயிரு."

அறுவடைக்கு இன்னும் ஒரு திங்கள் இருந்தது. துப்பாக்கி போனால் வயல்களும் போகும். தலைமுறைக் காவலும் போகும். ஆறு நாள் தன் செருக்கோடு போராடித் தோற்றபின்தான் அவன் பொன்னமராவதிப் பாதையில் கால் வைத்தான்.

பொழுது சாயும் வேளையில் மனைவியின் ஊரை அடைந்தபோது, தெருவே வாயிலுக்கு வந்துவிட்டது. இருளாயியின் தம்பி அழகுமலை, வைக்கோற்போரின்மேல் நின்றபடி கூவினான்:

"என்ன மச்சான், எங்கக்காவ சுடவா வந்தீக? பாத்து, அது பன்னியவிட வேகமா ஓடும்!"

சிரிப்பலைக்கு நடுவே இருளாயி வெளியே வந்தாள். கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளினின்று துப்பாக்கியை வாங்கி, குழல்மேல் விரலோட்டி, செம்பழுப்பேறிய நுனியை உற்றுப் பார்த்தாள். நோயுற்ற பிள்ளையைத் தொட்டறியும் தாயின் தவிப்பு அவள் விழிகளில் நிறைந்தது.

"மாடத்துல குப்பி நிறையக் காச்சி வச்சிட்டுத்தான வந்தேன்? பாக்கலையா நீங்க?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா இப்படி விட்டீங்க?"

சேவுகன் நிலத்தை நோக்கினான். தெரு செவி சாய்த்திருப்பதை அறிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"எடுத்தா தீந்துரும்ல. அது தீந்துட்டா, நீ வச்சதுன்னு வீட்டுல வேற என்ன இருக்கு?"

வைக்கோற்போர் மேலிருந்தவன் நின்ற இடத்திலேயே அமர்ந்தான்.

"அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் வஞ்சேன். இங்கயும் எல்லாரும் இருக்காக. தப்பு என்னுதுதான், இருளாயி."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்காக துப்பாக்கியக் கொல்லுவீங்களாக்கும்! டேய் அழகு, எறங்கி வந்து அடுப்பு மூட்டுடா."

இரண்டு நாள் அவள் கை ஓயவில்லை. சூடான எண்ணெயில் ஊறவைத்து, தேங்காய் நாரில் உமிச்சாம்பல் தொட்டுத் தேய்த்து, நீண்ட கோலில் துணி சுற்றிக் குழலின் உட்புறத்தைத் துழாவி, அழுக்கற்ற துணி அழுக்கின்றியே திரும்பும்வரை அவள் விடவில்லை. சேவுகன் அருகமர்ந்து துணி கிழித்துக் கொடுத்தான். பத்தாம் நாள் அதிகாரி குழலில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். துரு ஒட்டவில்லை, ஆமணக்கின் மணமே ஒட்டியது.

"யாருய்யா தொடச்சது?"

"வீட்டுல, ஐயா."

"அப்ப வீட்டுல இருக்கவங்களப் பத்திரமா வச்சுக்க" என்று கூறிக் கையெழுத்திட்டார்.

அந்த ஆண்டு கதிர்கள் பன்றிக்குத் தப்பிக் களம் சேர்ந்தன. அடுத்த ஆயுத பூசையில், பூசை முடிந்த கையோடு, பங்காளிகள் பார்த்திருக்கவே துப்பாக்கியின் சந்தனத்தைத் துடைத்தவன் சேவுகன். குப்பியை நீட்டியவள் இருளாயி.

பின்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. புதர்க்காடுகள் திருத்தப்பட்டு வயல்களாயின, பன்றிகள் அகன்றன, சேவுகன் தானே போய்த் துப்பாக்கியை ஒப்படைத்து வந்தான். போகுமுன் இருளாயி அதற்கு இறுதியாக ஒருமுறை எண்ணெயிட்டு, புதுத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். குப்பியும் ஒருநாள் கைதவறி உடைந்தது. ஆயினும், அவன் தொடாது காத்த நாட்களில் குப்பியடியில் கசிந்து ஊறிய எண்ணெயின் கரு வட்டம் ஒன்று மாடத்தில் நின்றது. பொங்கல்தோறும் இருளாயி அதன்மேல் சுண்ணாம்பு பூசுவாள். காய்ந்த மூன்றாம் நாள் அது மெல்ல வெளிவரும். அதைக் காணும்போதெல்லாம் சேவுகன் விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு அப்பால் நகர்வான். இரும்புக்கு இட்ட எண்ணெய் இரும்போடு போயிற்று. இடாமல் காத்த எண்ணெயோ சுவரில் ஊறி நிலைத்தது.