இருட்டிலும் நிற்காத பேச்சு

தையல்கடையில் வேலை பார்க்கும் அவள், ஆட்டிசம் உள்ள தன் மகளோடு, அதே போன்ற பிள்ளைகளின் பெற்றோர் வாராவாரம் கூடும் கூட்டத்துக்கு முதன்முறையாக வந்திருந்தாள். எங்கே போனாலும் பாதியிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

வந்து உட்கார்ந்ததுமே மகள் ஓடிப்போய் விளக்கு சுவிட்சைத் தட்டினாள். அறை இருண்டது. மறுபடி தட்டினாள், வெளிச்சம் வந்தது. திரும்பவும் இருட்டு.

"மன்னிச்சிடுங்க, நாங்க கிளம்பறோம்," என்று அம்மா பதறி எழுந்தாள்.

"எங்க கிளம்பறீங்க? உட்காருங்கம்மா," என்றது இருட்டில் ஒரு பெண்குரல். "போன வாரக் கூட்டம் முழுக்க என் பையன் குழாயைத் திறந்து திறந்து மூடினான். இன்னிக்கு உங்க பொண்ணு முறை."

எல்லோரும் சிரித்தார்கள். எலக்ட்ரீஷியனான ஓர் அப்பா, "தட்டட்டும் விடுங்க. சுவிட்ச் போச்சுன்னா வேற மாட்டிடறேன், அதுதானே நம்ம பொழப்பு," என்றார். இருட்டிலேயே பேச்சு தொடர்ந்தது.

பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க சரியா தூங்கறீங்களா?"

மகளைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அவளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"இல்லக்கா," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் வந்த பிறகும் அவள் கண்ணைத் துடைக்கவில்லை. அன்று கூட்டம் முடியும்வரை இருந்தாள்.