அடுப்பு காணாத பண்டம்

எலுமிச்சம்பழத்தில் மஞ்சள் தோலை மட்டும்தான் துருவ வேண்டும். அடியில் இருக்கும் வெள்ளையைத் தொட்டால் கசந்துவிடும். தன் கைக்குக் கீழ் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்தவன் தம்பி. அப்பேர்ப்பட்டவன் இன்றைக்கு மூன்றாவது பழத்திலேயே வெள்ளை வரைக்கும் போய்விட்டான். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் காரணம்.

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் கொட்டிப்போன தலையில் மகளின் கம்பளிக் குல்லாய். அவன் பிழிந்து போட்ட ஒரு மூடியை எடுத்துக் கைக்குள் வைத்திருந்தாள். குமட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் அதை மூக்கருகே கொண்டுபோவதும் கண்ணை மூடிக்கொள்வதுமாக இருந்தாள்.

"பாத்து சீவுடா முட்டை. விரலையும் சேத்துப் போட்டுடாத. அப்புறம் எம் பொண்ணு அதையும் கொதிக்க வச்சு ஆறவைன்னு வந்து நிப்பா."

"கேக்குதும்மா," என்று உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பதைத் தாண்டி மீசை நரைத்துவிட்ட ஆளை முட்டை என்று கூப்பிடுகிற உரிமை உலகத்தில் அக்கா ஒருத்திக்குத்தான். படிப்பில் அவன் முட்டை முட்டையாக வாங்கிக்கொண்டு வந்த காலத்தில் வைத்த பேர் அது. படிப்பை விட்டுவிட்டுப் பெரிய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தவனை, இனிப்புகள் செய்கிற பகுதியில், நாள் பூராவும் முட்டை உடைக்கத்தான் முதலில் நிறுத்தினார்கள். "பரீட்சையில வாங்கினதும் முட்டை, பொழப்பும் முட்டை" என்று அவன் கல்யாணத்தில் நாலு பேர் நடுவே சொல்லிச் சிரித்தாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அவன் கையால் செய்த எதையும் அக்கா இன்றுவரை வாயில் வைத்ததில்லை. பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். "எனக்கு இனிப்பு ஆகாதுப்பா" என்பாள். அவன் செருப்பு மாட்டுவதற்குள் பெட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தம்பியைக் கோட்டும் டையுமாகப் பார்க்க ஆசைப்பட்டவள், ஏப்ரனோடு பார்த்ததை மன்னிக்கவே இல்லை.

அப்படிப்பட்ட அக்காதான் போன வாரம் தானாகவே போன் செய்தாள். ரத்தத்தில் வந்த நோய்க்கு ஊசி வழியாக மருந்து ஏற்ற ஏற்ற நாக்கு செத்துப்போயிருந்தது. "வாய்க்குள்ள இரும்புச் சாவியைப் போட்டு வச்ச மாதிரி இருக்குடா. சோறும் இரும்பு, பாலும் இரும்பு. புளிப்பு ஒண்ணுதான் கொஞ்சம் தெரியுது" என்றாள். காப்பி வாசம் பட்டாலே வாந்தி. பாவம், மகள் தன் காப்பியை மாடிப்படியில் நின்று குடித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் இழுத்து, "உன் ஓட்டல்ல அடுக்கடுக்கா ஒண்ணு பண்ணுவியாமே, காப்பில நனைச்சு... ராமியோ கீமியோ. அதையே காப்பி இல்லாம எலுமிச்சம்பழம் போட்டுப் பண்ண வருமா உனக்கு?" என்றாள்.

"டிராமிசுக்கா. வரும்."

போனை வைத்துவிட்டு ஓட்டலின் குளிர் அறைக்குள் போய் நின்றவன், வெளியிலிருந்து கதவைத் தட்டுகிற வரை நின்றுகொண்டே இருந்தான்.

இன்று சாயங்காலம் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். இந்தத் தடவை அடைத்த அறை. உடம்பிலிருக்கிற ரத்த அணுவையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஊற வைப்பார்களாம். வாரக்கணக்கில் ஆகும். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்கலாம். வெளிச் சாப்பாடு ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. திரும்பி வருவாளா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இப்போதே கட்டுப்பாடு ஏகப்பட்டது. "அவங்க உடம்புல காவலுக்கு ஆளே இல்லைங்க. சாதாரணக் கிருமி போதும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பச்சையாக எதுவும் கூடாது. முக்கியமாகப் பச்சை முட்டை. அக்காவுக்கு மகள் அவிக்கும் முட்டை, கீழே போட்டால் எகிறி வரும். சீஸ் டப்பாவில் இருந்த பொடி எழுத்தைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்த பிறகுதான் அவன் கையில் கொடுத்தாள்.

ஓட்டலில் இதற்கு முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு பச்சையாகத்தான் அடிப்பார்கள். அதில்தான் அந்தக் க்ரீமுக்குப் பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். அக்காவுக்கு அது வேண்டாம், சீஸும் க்ரீமும் போதும், கெட்டியாக அடித்தால் நிற்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் கரைத்தான். பஞ்சு மாதிரி இருக்கும் விரல் நீள பிஸ்கட்டுகளைப் பிரித்து வைத்தான். சீஸைப் பாத்திரத்தில் போட்டுக் குழைக்க ஆரம்பித்தான்.

"இதுக்கு அடுப்பே வேணாமாடா?"

"வேணாங்க்கா. ஃப்ரிட்ஜுல வச்சா தானா இறுகிக்கும்."

"நல்லதாப் போச்சு. உனக்கேத்த சோம்பேறிச் சமையல்." அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பால்காரனுக்குச் சொல்லியனுப்புகிற குரலில், "நான் வரலைன்னா இவளை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. தனியா இருந்தா இவ சாப்பிட மாட்டா. உன் பொண்டாட்டிகிட்ட நான் ஏற்கெனவே பேசிட்டேன்" என்றாள்.

அவன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "சும்மா இருக்கா" என்று பாத்திரத்தைப் பார்த்தபடியே சொன்னான். பொண்டாட்டி இதைத் தன்னிடம் மூச்சுவிடவில்லையே, என்றைக்குப் பேசினார்கள், என்ன பேசினார்கள், அக்கா அழுதாளா? மனசு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. கை மட்டும் இருபது வருஷப் பழக்கத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. க்ரீம் திரண்டது. பிஸ்கட்டைச் சாற்றில் தோய்த்து ஓர் அடுக்கு, மேலே க்ரீம், மறுபடி பிஸ்கட், மறுபடி க்ரீம். கடைசியில் துருவிய மஞ்சளைத் தூவிக் கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். எலுமிச்சை மூடி கையைவிட்டு நழுவவில்லை.

மத்தியானம் போயிற்று. கார் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் என்கிற பொழுதில் பாத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தான். நன்றாக இறுகியிருந்தது. அக்காவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார்த்திய மகள், கொதிநீரில் போட்டெடுத்த ஸ்பூனை அவள் முன்னால் வைத்தாள்.

"மாமா, முட்டை போடலைல்ல?"

"சேச்சே. எனக்குத் தெரியாதா?" நிஜமாகவே நம்பித்தான் சொன்னான்.

தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனான். சன்னமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த தொட்டியின் மூலையில், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்த முட்டை ஓடுகள் இருந்தன. அப்படிச் செருகி வைப்பது இந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. ஓட்டலில் அவன் ஒருவன்தான் அப்படி வைப்பான். பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் வெள்ளைக் கரு, மேலே ஏடு படர்ந்து, பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரியில் மகளின் முட்டைக் கூடை. அதில் பள்ளமாக ஓர் இடம்.

க்ரீமுக்கு அந்த மினுமினுப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. அடுப்புக் கண்டிருந்தாலாவது கொஞ்சம் தேறும். இது அடுப்பே காணாத பண்டம்.

யாருக்கும் தெரியாது. ஓடுகளை நொறுக்கிக் குப்பையில் போட்டால் முடிந்தது. ஒரு ஸ்பூன் சாப்பிடுவாள், அதற்குமேல் அவளால் முடியப்போவதில்லை. ஒரு ஸ்பூன் என்ன செய்துவிடும்? ஓட்டலில் தினமும் எத்தனை பேர் சாப்பிட்டுவிட்டு நடந்து போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் உடம்பில் காவலுக்கு ஆள் இருக்கிறது.

"என்னடா, தட்டை செஞ்சு கொண்டுவரியா?" அக்காவின் குரல். "எனக்குத் தட்டு வேணாம். அப்படியே எடுத்துக்கறேன்."

ஓடி வந்தான். ஸ்பூன் உள்ளே இறங்கி, ஓரத்தில் ஒரு துண்டைத் தூக்கியிருந்தது. பாதி வழியில் இருந்த அவள் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பைப் பிடித்த மாதிரிதான் இருந்தது.

"வேணாங்க்கா."

"ஏன்?"

"முட்டை போட்டுட்டேன். பச்சையா."

மகள் "மாமா!" என்றாள். ஸ்பூனை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது.

அக்கா ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. குழந்தை கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"எப்பப் போட்ட?"

"தெரியலக்கா." தெரியும். எந்த வார்த்தைக்கு முதல் முட்டை உடைந்தது என்றுகூட இப்போது அவனால் சொல்ல முடியும்.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. "என் வாய்தான்," என்றாள் மெதுவாக. "வேலை செய்யறவன்கிட்ட வந்து பேசிட்டிருந்தேன்."

"இன்னொண்ணு பண்ணிடறேங்க்கா. இப்பவே—"

"இறுக வேண்டாமாடா? கார் நிக்குமா?"

அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சீஸ் டப்பாவும் காலியாகத்தான் கிடந்தது.

அக்கா ஸ்பூனை அவன் பக்கம் திருப்பினாள். "உக்காரு. நீ சாப்பிடு."

"நான் எப்படிக்கா..."

"சாப்பிட்டுச் சொல்லு. இத்தனை வருஷமா பெட்டி பெட்டியா கொண்டுவந்த. ஒரு தடவைகூட என்னதான்டா அது, எப்படி இருக்கும்னு நான் கேக்கல. இப்பக் கேக்கறேன். எல்லா அடுக்கும் சொல்லணும். ஏமாத்தக் கூடாது."

உட்கார்ந்தான். வேலையில் அவன் ஸ்பூன் நுனியால் தொட்டுப் பார்த்துச் சரி பார்ப்பதோடு சரி. ஒரு வாய் நிறையச் சாப்பிட்டே எத்தனையோ காலம். வாயில் வைத்தான். விழுங்காமல் வைத்திருந்தான்.

"மேல... மேல தோலு," என்றான். "கொஞ்சம் கசக்குது. வெள்ளையோட சீவிட்டேன்."

"பாத்தேன். அப்புறம்?"

"அப்புறம் க்ரீம். இனிப்பு முதல்ல தெரியல. சில்லுனு இருக்கு. அது கரையறப்பத்தான் புளிப்பு வருது. பின்னாடி, நாக்கோட ரெண்டு ஓரத்துலயும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கையிலிருந்த எலுமிச்சை மூடியை மூக்கோடு அழுத்திக்கொண்டாள். அவன் விழுங்கியபோது, வெறும் தோலும் நரம்புமாக இருந்த அவள் தொண்டையிலும் ஒன்று ஏறி இறங்கியது.

கீழே கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. மகள் பெட்டியைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, சத்தம் வராமல் அதைத் தரையிலேயே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"கீழ பிஸ்கட் இருக்குல்ல," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "அது நனைஞ்சிருக்கா?"

தம்பி ஸ்பூனை அடி வரைக்கும் இறக்கினான்.