லொக் வயர்

கால்சட்டையை ஊறப்போடுவதற்கு முன் பையைத் துழாவிய அல்போன்சம்மாவின் கையில் ஒரு சாண் நீளக் கம்பி அகப்பட்டது. நல்ல கம்பியாயிருக்கிறதே என்று கோழிக்கூட்டுக் கதவை அதால் கட்டிவிட்டார். தாய்மார் கையில் கம்பி கிடைத்தால் வேறென்ன நடக்கும்? மத்தியானம் கைகழுவ வந்த மகன் அன்ரனிதாஸ் அதைக் கண்டான்.

"அம்மா, இதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"உன்ரை கால்சட்டைப் பைக்குள்ளை கிடந்தது. வேணுமோ?"

வேண்டும்தான். ஆனால் அது இருக்கவேண்டிய இடம் இந்தத் தீவுக் கிராமமான கரம்பொன் அல்ல, வளைகுடாவில் நிற்கும் ஒரு விமானத்தின் இடது இறக்கை.

அங்கே அவன் விமானம் திருத்துகிறவன். இறக்கையின் பின்விளிம்பில் எலரோன் என்று ஒரு தகடு உண்டு. விமானம் பக்கம் சாய்ந்து திரும்புவது அதை நம்பித்தான். அதை இழுக்கும் வடத்தை இறுக்குகிற திருகுக்கு டேர்ன்பக்கிள் என்று பெயர். இறுக்கினால் மட்டும் போதாது, அதிர்வில் கழலாமல் மெல்லிய கம்பியால் பூட்டிக் கட்டவேண்டும். அதுதான் லொக் வயர். போன சனிக்கிழமை டேர்ன்பக்கிளை இறுக்கி, வயரை அளந்து வெட்டிய நேரத்தில்தான் தகப்பன் குருசுமுத்து இறந்த செய்தி வந்தது. வயரைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கியவன், திரும்ப ஏறவில்லை.

வேலை அட்டையில் 'முடிந்தது' என்று அன்று காலையிலேயே கையெழுத்து வைத்துவிட்டிருந்தான். நேரம் மிச்சம் என்று அங்கே எல்லாரும் செய்கிற கெட்ட பழக்கம் அது. சரிபார்த்து இரண்டாம் கையெழுத்து வைப்பவன் பாலக்காட்டு ராஜன். இரண்டு வருடமாக அன்ரனிதாஸின் வேலையில் ஒரு பிழையும் காணாதவன். காணாததால் பார்ப்பதையும் விட்டிருந்தான்.

இன்று வியாழன். நாளை விடிய அந்த விமானம் திருத்தவேலை முடிந்து நூற்றறுபது பேரோடு கிளம்பும்.

சைக்கிளை ஊர்காவற்றுறைக்கு விட்டான். இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஐயாத்துரையின் தொலைபேசிக் கடை, அதற்கு எதிரே கடற்படைக் காவலரண். பேசுகிறவனின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொப்பியில் ஏறவேண்டும். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. போராளி இயக்கத்தின் விமானங்கள் பறந்து குண்டு போட்ட பிறகு, தீவில் பிளேன் என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, வீட்டுக்குப் பேச வந்த கடற்படைக்காரன் ஒருவன் பின்னாலிருந்த மரவாங்கில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தமிழ் அரைகுறை. முழுக்கத் தெரிந்தவனைவிட அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் பயப்படவேண்டும்.

ஆறாவது தடவை ராஜனின் லைன் கிடைத்தது. ஒரு கட்டு கட்டாமல் வந்துவிட்டேன், நீர்தான் பார்க்கவேண்டும் என்று சுற்றிவளைத்துச் சொன்னான். தகப்பனுக்குச் செய்யாமல் விட்ட கடமையை நினைத்துக் கலங்குகிறான் என்று ராஜன் விளங்கிக்கொண்டான். அழாதே, எல்லாம் ஆண்டவன் செயல் என்று தேற்றத் தொடங்கிவிட்டான், பாவம்.

அன்ரனிதாஸுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பார்க்காமலே சொன்னான்.

"ராஜன், பிளேன். இடப்பக்க இறக்கை, எலரோன் வடம். டேர்ன்பக்கிளுக்கு நான் லொக் வயர் போடேல்லை."

பின்னால் வாங்கு கிறீச்சிட்டது. மறுமுனையில் ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. ஐயாத்துரை கொப்பியை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. கடற்படைக்காரன் பக்கத்தில் வந்து நின்றான். ராஜன் திரும்பி வரப் பத்து நிமிடம் பிடித்தது; அதற்குள் அன்ரனிதாஸ் மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லப் பார்த்தான், ஒன்றும் முடிவுவரை போகவில்லை.

ராஜன் மூச்சிரைக்க லைனுக்கு வந்தான். வயர் இல்லைத்தான். தானே இப்போது போட்டுவிடுவதாகச் சொன்னான். யாருக்கும் தெரியவராது, இரண்டு பேருடைய வேலையும் தப்பும், கவலைப்படாமல் தாயோடு இரு என்றான்.

அன்ரனிதாஸ் கர்த்தரே என்று சுவரில் சாய்ந்தான். நன்றி சொல்ல வாயெடுத்தவனுக்கு இன்னொன்று உறைத்தது.

"அண்டைக்குக் காலமை அந்தப் பிளேனுக்கு நான் முன்கூட்டிக் கையெழுத்து வைச்ச அட்டை எத்தினை?"

கடதாசி புரளும் சத்தம் கேட்டது. பதினான்கு என்றான் ராஜன்.

"அதிலை நீர் பாத்துக் கையெழுத்து வைச்சது எத்தினை?"

ராஜனின் குரல் தாழ்ந்தது.

"ஒண்ணுகூட இல்லை, அன்ரனி."

மற்ற பதின்மூன்றில் எதை முடித்தான், எதைப் பாதியில் விட்டான்? எவ்வளவு யோசித்தும் அன்ரனிதாஸுக்கு அந்தச் சனிக்கிழமையில் தகப்பன் செத்த செய்தியைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பதின்மூன்றையும் விடிவதற்குள் திறந்து பார்க்க ராஜன் ஒருவனால் முடியாது.

"மேலதிகாரியைக் கூப்பிடும்," என்றான். "அந்தப் பிளேனை விடவேண்டாம் எண்டு நானே சொல்லுறன்."

கடற்படைக்காரன் அடையாள அட்டைக்குக் கை நீட்டினான். அன்ரனிதாஸ் இடது கையால் எடுத்துக் கொடுத்தான். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், மேலதிகாரி வரும்வரை காத்து நின்றான்.